இரண்டாம் ட்ரே

"உங்க சாப்ட்வேர் ரோசாக்லா தம்பி, கெட்டுப்போச்சு! ரெண்டு வாரமா சொல்றேன், காதுல விழலையா?"

மேனேஜர் சிவநேசன் போட்ட சத்தத்தில், கிள்ளான் டயாலிசிஸ் மையத்தில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த சாப்ட்வேரை எழுதிய யுகேந்திரனுக்கு முகம் சுருங்கிப் போனது. பங்சாரிலிருந்து ஜாமில் ஊர்ந்து வந்த மனுஷனுக்கு ஒரு வாய் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த வருஷ கான்ட்ராக்ட் கையெழுத்தாக வேண்டிய நேரம். வாயை மூடிக்கொண்டான்.

விஷயம் இதுதான். சிகிச்சைக்கு வருகிறவர்களுக்குக் கவுன்டரில் ஒரு சீட்டு அச்சாகும். கட்டணம் கட்டுகிறவர்களுக்குப் பிரிண்டரின் முதல் ட்ரேயிலிருந்து வெள்ளைத் தாள். மையத்தை நடத்தும் சங்கத்தின் உதவியில் இலவசமாக வருகிறவர்களுக்கு இரண்டாம் ட்ரேயிலிருந்து மஞ்சள் தாள். எந்த ட்ரே என்று பிரிண்டருக்குச் சொல்வது யுகேந்திரன் எழுதிய ஒரே ஒரு வரி. எழுதிய அன்று அவனுக்கு அதில் ரொம்பப் பெருமை.

இப்போது எல்லாருக்கும் வெள்ளையே வருகிறதாம்.

"மஞ்சள் வேணும் தம்பி," என்றார் நாற்காலியில் சாய்ந்திருந்த சங்கத் தலைவர் சபாபதி. "நன்கொடை கொடுக்கிறவங்க வந்து பார்த்தா, நம்மளால எத்தனை பேர் பொழைக்கிறாங்கன்னு கண்ணுல தெரிய வேணாமா?"

"இன்னிக்குச் சரி பண்ணலைன்னா வேற ஆளைப் பார்த்துடலாம் தலைவரே!" சிவநேசன் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைத் தட்டிக் காட்டினார். "தாளு எல்லாம் என் அலமாரியில பூட்டுக்குள்ள இருக்கு. என்னைக் கேக்காம ஒரு தாளு வெளிய போகாது. கோளாறு இவர் புரோகிராம்லதான்."

யுகேந்திரன் கணினி முன் உட்கார்ந்தான். அவனுடைய வரி எழுதியபடியே இருந்தது. இலவச நோயாளியின் பெயரில் ஒரு சோதனைச் சீட்டை அனுப்பினான். இரண்டாம் ட்ரே கடகடவென்று இழுத்துத் துப்பியது.

வெள்ளை.

குனிந்து ட்ரேயை உருவினான். உள்ளே விளிம்பு வரை வெள்ளைத் தாள்.

பிரிண்டரைச் சொல்லிக் குற்றமில்லை, அதற்குக் கண்ணா இருக்கிறது? இரண்டாம் ட்ரேயில் மஞ்சள் இருக்கிறது என்று நாம் சொல்லி வைத்தால் அப்படியே நம்பிக்கொள்ளும். யாரோ வேண்டுமென்றே தாளை மாற்றி வைத்திருக்கிறார்கள்.

அவனுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. எவரோ செய்த வேலைக்கு ஊர் பார்க்க ஏச்சு வாங்கியது அவன். ட்ரேயைத் தூக்கிப் போய்த் தலைவர் முன்னால் வைத்தால் போதும், பேர் சுத்தமாகிவிடும்.

கவுன்டரில் இருந்த குமுதாக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்கா, இது உங்க வேலையா?"

குமுதாக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினார்.

"அந்தக் கடைசி நாற்காலியில நீலச் சட்டை போட்டிருக்காரே, பாருங்க. காப்பார்ல லோரி ஓட்டினவரு. மஞ்சச் சீட்டை உள்ளங்கையில மடக்கி வச்சுக்கிட்டு, எல்லாரும் உள்ள போனப்புறம்தான் போவாரு. ஒரு நாளு அவர் சம்பந்தி, கையில வெள்ளைச் சீட்டோட பக்கத்துலயே வந்து உக்காந்துட்டாரு. அதோட மனுஷன் வர்றதையே நிறுத்திட்டாரு தம்பி. ரெண்டு தடவை டயாலிசிஸ் தவறிப்போச்சு. அப்புறம் ஆம்புலன்ஸ்லதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. பொழைச்சதே பெருசு."

"இப்ப?"

"சீட்டு வெள்ளையானதுலருந்து ஒரு நாளு தவறலை."

யுகேந்திரன் எட்டிப் பார்த்தான். நீலச் சட்டைக்காரர் வெள்ளைச் சீட்டை வெளியே தெரியும்படி சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பக்கத்து ஆளிடம் பந்து விளையாட்டைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து ஆள் கையில் இருந்ததும் வெள்ளைதான்.

தான் பெருமைப்பட்ட அந்த ஒரு வரியை நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"என்ன தம்பி, கோளாறு கெடச்சுதா?" சபாபதி எழுந்து வந்துகொண்டிருந்தார்.

யுகேந்திரன் ட்ரேயைப் பட்டென்று தள்ளி மூடினான்.

"கெடச்சுது தலைவரே. தப்பு என்னோடதுதான். மஞ்சள் தாளு இனிமே சரிப்பட்டு வராது. எல்லாருக்கும் வெள்ளையே வரட்டும். உதவியில எத்தனை பேர் பொழைக்கிறாங்கன்னு மாசாமாசம் எண்ணிக்கை மட்டும் உங்க மேசைக்கு வர்ற மாதிரி எழுதித் தரேன். நன்கொடை கொடுக்கிறவங்ககிட்ட அதையே காட்டலாம்."

சபாபதி தாடையைத் தடவினார். "எண்ணிக்கை வந்தா சரிதான் போ," என்று திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

சிவநேசன் விடுவதாக இல்லை. "இதைச் சொல்ல ரெண்டு வாரமா? நல்ல புரோகிராமர்லா நீங்க!" என்று ஏசிக்கொண்டே கார் நிறுத்துமிடம் வரை கூட வந்தார்.

யுகேந்திரன் கார்ச் சாவியைத் தேடி எடுத்தான். கான்ட்ராக்ட் போனால் போகட்டும். உண்மை இந்த மனுஷன் காதில் விழுந்தால் குமுதாக்காவின் வேலையல்லவா போய்விடும்?

பின்னால் கண்ணாடிக் கதவு மூடியது. சிவநேசன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தலைவர் வரவில்லை. சிவநேசனின் குரல் அப்படியே இறங்கிப்போனது.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. நான் உங்களைச் சத்தம் போட்டுத் திட்டினாத்தான் தலைவரு ட்ரேயைத் தெறந்து பார்க்க மாட்டாரு."

சொல்லிவிட்டுத் தன் காரின் பின்பக்கத்தைத் திறந்தார். பிரிக்காத ஐந்து கட்டு மஞ்சள் தாள்.

"உங்க ஆபீஸ்ல எதுக்காச்சும் ஆகும், கொண்டு போங்க. அலமாரியில வச்சா, தெறக்கிறப்ப யார் கண்ணுலயாவது பட்டுடும்னு, ரெண்டு வாரமா என் காருலயே சுத்திக்கிட்டு இருக்கு."