புறங்கை நெய்

புறங்கையில் ஒரு சொட்டு நெய் விட்டார். கட்டைவிரலால் தேய்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார்.

மணம் வந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது.

வருசக்கணக்காக அந்த மூக்குக்கு ஒரு மணமும் எட்டியதில்லை. காலையில் எழுந்தால் அடுக்குத் தும்மல். அப்புறம் ஒழுகல். அப்புறம் அடைப்பு. நெய்க்கடைக்காரனுக்கு மூக்குப் போனால் அப்புறம் அவன் எதுக்கு? வெளியே ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

மகன் பூபதிக்கு மட்டும் தெரியும். நெய் உருக்குவதெல்லாம் இப்போது அவன்தான்.

டின்னை மூடுவதற்கு முன்னால், வாங்க வந்தவர் கண்ணெதிரே அவர் மோந்து பார்க்க வேண்டும். கடை போட்ட நாளிலிருந்து அதுதான் வழக்கம். அவர் தலையாட்டினால்தான் மூடி விழும்.

மணம் போன பிறகும் தேய்த்தார். மோந்தார். பூபதி பக்கத்தில் நின்று லேசாக இருமுவான். இருமினால் நெய் சரி என்று ஏற்பாடு.

அவன் இருமாத நாள் என்று ஒன்று இல்லை.

அது அவருக்கு உறைக்கவே இல்லை. ஊரில் யாரையும் நம்பாத மனுசன். பால் ஊற்ற வருகிறவனை நம்ப மாட்டார். பேங்குக்காரனை நம்ப மாட்டார். கோயிலில் கொடுக்கிற விபூதியைக்கூட ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் பூசுவார். பெத்த பிள்ளையை எப்படி அப்படிப் பார்ப்பது?

டாக்டரம்மாவையும் நம்பவில்லை.

இது அலர்ஜி, விட்டுப் போகாது, மாத்திரைக்குத் தும்மல் அடங்கும், உள்ளே இருக்கிற வீக்கம் வற்றாது என்று அந்தம்மா சொன்னது. மூக்கில் அடிக்கிற குப்பி ஒன்று எழுதிக் கொடுத்தது. அதில் இரண்டு மருந்து சேர்த்தே இருக்கிறதாம். தினமும் விடாமல் அடித்தால் மணம் திரும்பினாலும் திரும்புமாம்.

வியாபாரம். அவருக்குத் தெரியாத வியாபாரமா?

பூபதி குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரெண்டு மருந்தக் கலந்து அடிச்சா ஈரல் போயிருமுங்கப்பா. மாத்திரையே போதும்."

பிள்ளைக்கு நம்மேல் எத்தனை அக்கறை என்று நினைத்துக்கொண்டார். குப்பி அலமாரிக்குள் போனது.

அப்புறம்தான் ராக்கியப்பன் வந்தார். கல்யாணச் சமையல்காரர். இந்தக் கடை நெய்யைத் தவிர வேறு நெய்யைத் தொடாதவர். வாங்கிப்போன டின்னைக் கொண்டுவந்து இறக்கினார். சத்தம் போடவில்லை. இதை நீங்க மோந்து பாத்தீங்களாண்ணா என்று மட்டும் கேட்டார்.

பாத்தேன் என்றார் இவர்.

ராக்கியப்பன் டின்னை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். போனவர் போனவர்தான்.

விலையைக் குறைக்க அந்தாள் போடுகிற நாடகம் என்றான் பூபதி.

அன்றைக்கு அவர் அலமாரியைத் திறந்தார். ஈரல் போனால் போகட்டும்.

மாத்திரையும் குப்பியும். ஒருத்தருக்கும் தெரியாமல். விடாமல்.

முதலில் சோப்பு மணந்தது. பிறகு ஊதுபத்தி. ஒருநாள் மருமகள் கடுகு தாளித்த வாசத்துக்குப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அப்போதும் வாய் திறக்கவில்லை. கடையில், டின்னுக்கு முன்னால் வைத்துத்தான் பூபதியிடம் சொல்ல வேண்டும். அவன் முகம் எப்படி மலரும் என்று பார்க்க வேண்டும். இன்றைக்குக் குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்ததே அதற்குத்தான்.

புறங்கையை மறுபடி மோந்தார்.

நெய் மணம் மெதுவாக வரும். தேய்க்கத் தேய்க்க வரும். இது தேய்க்கும் முன்பே கத்தியது. நெய் வாசத்துக்குக் கலக்கிற எசன்ஸ். அது அடங்கட்டும் என்று பொறுத்தார். அடியில் இருந்தது மேலே வந்தது.

பாமாயில்.

எதிரே ஒரு பெண் நின்றிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. இப்போதுதான் சோறு ஊட்ட ஆரம்பித்திருக்கிறாளாம். அவர் படம் ஒட்டிய டின்தான் வேண்டும் என்று கேட்டு வந்தவள்.

பூபதி இருமினான்.

அவர் தலை அசையவில்லை.

இன்னொரு தரம் இருமினான். கொஞ்சம் பலமாக.

அவர் சட்டைப் பையில் கை விட்டார். குப்பியை எடுத்தார். திறந்திருந்த டின்னுக்குப் பக்கத்தில் வைத்தார். பிடித்துப் பிடித்து அதன் எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தது.

பூபதி அதைப் பார்த்தான். மூடி அவன் கையிலேயே இருந்தது.

அந்தப் பெண் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, நல்லா இருக்குங்களா தாத்தா என்று கேட்டாள்.

அவர் புறங்கையை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"அவனைக் கேளு அம்மிணி."

பூபதிக்கு இருமல் வரவில்லை.