விரற்கடைச் சிப்பி

கடலோரத் தேரி மணல்மேட்டில் வெட்டிய குழியின் சுவரில் மூவாயிரம் வருசத்துக் குப்பை அடுக்கடுக்காகத் தெரிந்தது. எல்லா அடுக்கிலும் சிப்பியும் மீன்முள்ளும். நடுவில் ஒரு விரற்கடை உயரத்துக்கு மட்டும் வெறும் சிப்பி.

"இந்தக் கொஞ்ச காலம் கடல்ல மீனே இல்லாமப் போயிருக்கு," என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினாள், ஆய்வுக்கு வந்திருந்த மதிவதனி.

கூலிக்குச் சல்லடை பிடித்திருந்த உள்ளூர்க்காரி பிலோமினா சிரித்தாள். "மீனில்லாமலா? அவங்க திங்கல, மேடம்."

"ஏன்?"

"வீட்டு ஆளு கடலோட போயி, பொணமும் கெடைக்கலேன்னா எப்படித் திங்க? எந்த மீனு அவனத் தொட்டுச்சோ."

பேனா நின்றது. பிலோமினாவின் மகன் ஆடி மாசக் கடலோடு போனது மதிவதனிக்குத் தெரியும்.

"உங்க வீட்ல இன்னும்..."

"எட்டு மாசமா மீன்சட்டி கவுந்துதான் கெடக்கு. அவரு புடிக்கிறத எல்லாம் ஏலத்துல விட்டுட்டு வந்து ரசத்த ஊத்தித் திங்காரு." சுவரைத் தொட்டாள். "இந்த விரற்கடை எத்தன நாளு, மேடம்?"

"சொல்ல முடியாதுக்கா. ஒரு மாசமும் இருக்கலாம், ஒரு வருசமும் இருக்கலாம்."

"அதுக்கு மேல உள்ள அடுக்குல?"

மதிவதனி தூரிகையால் மண்ணைத் தள்ளினாள். "சின்ன முள்ளு. சாளை மீனு மாதிரி இருக்கு."

பிலோமினா அதை உள்ளங்கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "அந்த வீட்டுக்காரி மொதல்ல ஒண்ணுதான் ஆக்கிப் பாத்திருக்கா."

சாயந்தரம், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த புருசனிடம் சொன்னாள்: "நாளைக்குச் சாளை பட்டா எல்லாத்தையும் வித்துராதிய."

அவர் ஊசியை நிறுத்தினார். "எத்தன வேணும்?"

"ஒண்ணு."