மூன்றாவது வாட்ச்சும் பழுது

"இதுவும் பழுது, முதலாளி" என்று மூன்றாவது வாட்ச்சை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தேன்.

ஸஹாப்தீன் முதலாளியின் முகம் சுருங்கியது. பதுளை பஜாரில் அவர் கடை வாட்ச்சை மூன்று ஞாயிறு தொடர்ந்து திருப்பிக் கொண்டுவந்த ஆட்கள் நாங்களாகத்தான் இருக்கும். எனக்கும் வெட்கம்தான். அதற்காகப் பழுதைப் பழுது என்று சொல்லாமல் இருக்க முடியுமா?

பக்கத்தில் என் தங்கச்சி சிவசக்தி நின்றாள். ஓடுகிறவள் அவள். சண்டை போடுகிறவள் நான்.

அவள் கையில் மடித்த படிவம் ஒன்று இருந்தது. மாகாண மலையோட்டத்துக்குப் பெயர் கொடுக்க நாளைதான் கடைசி நாள். பன்னிரண்டு கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடுவீர்கள் என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது. ஐம்பத்தைந்துக்கு மேல் எழுதினால் எடுக்கமாட்டார்கள்.

போன வருடம் இந்தப் பைத்தியம் 'அறுபது' என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தது. படிவம் போன வேகத்தில் திரும்பி வந்தது. மூன்று நாள் சாப்பிடவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஐந்து நிமிடம் எங்கே நழுவுகிறது என்று பிடிக்கத்தான் வாட்ச் வாங்க வந்தோம். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் பொத்தானை அழுத்தினால், அந்தக் கிலோமீட்டரை என்ன வேகத்தில் ஓடினாய் என்று காட்டும் வாட்ச். எங்கள் லயத்து வீட்டு வாசலிலிருந்து பசறை ரோட்டில் ஆறு கிலோமீட்டர் போய்த் திரும்பினால் பன்னிரண்டு.

முதல் வாட்ச் ஐம்பத்தொரு நிமிடம் காட்டியது. ஒரு மணித்தியால ஓட்டத்துக்கு ஐம்பத்தொன்று காட்டினால் அது என்ன வாட்ச்?

மாற்றிக் கொடுத்தார். இரண்டாவதும் ஐம்பத்தொன்று.

மூன்றாவது, ஐம்பத்தொன்றும் நாலு விநாடியும்.

முதலாளி கோபிக்கவில்லை. மூன்றையும் வரிசையாக வைத்தார். ரேடியோவில் பத்து மணிச் செய்திக்கு முன்னால் பீப் சத்தம் வந்தபோது இரண்டை அவர் அழுத்த, ஒன்றை நான் அழுத்தினேன்.

ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். ப்ளேன்டீ வாங்கிக் கொடுத்தார். அவர் முகத்தில் கரி பூசப்போகிறோமே என்று நினைத்துக்கொண்டே குடித்தேன்.

பதினொரு மணி பீப்புக்கு மூன்றையும் நிறுத்தினோம்.

மூன்றும் சரியாக அறுபது நிமிடம்.

"வாட்ச்சுல ஒண்ணுமில்ல மகள். நீங்க ஓடினது ஒரு மணித்தியாலம்னு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? பன்னெண்டு மணிச் சங்குக்குக் கெளம்புறா. ஒரு மணிச் சங்கு ஊதுறப்ப வாசல்ல வந்து நிக்கிறா" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெக்டரிச் சங்குதான் நேரம். பகல் சாப்பாட்டுக்கு விடுவது பன்னிரண்டுக்கு, திரும்பக் கொழுந்து பறிக்க மலையில் ஏறுவது ஒன்றுக்கு. லயத்துக் கடிகாரம் எல்லாம் அந்தச் சங்குக்கு வைத்ததுதான். முதலாளி சரியாக வைத்துக் கொடுத்த வாட்ச்சைக்கூட, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் சங்குக்குத் திருத்தியவள் நான். மூன்று முறையும் திருத்தினேன்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் மலையிலிருந்து இறங்கி, பிள்ளைக்குப் பால் கொடுத்து, ரொட்டியை மென்றும் மெல்லாமலும் விழுங்கி, மறுபடி ஏற வேண்டும். ஒரு நாள்கூட நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. "கால்ல என்ன கல்லா கட்டியிருக்கு?" என்பார் வீரசிங்கம் கங்காணி. பிந்தி வந்ததற்காக இரண்டு தடவை அரைப்பேர்தான் போட்டார்கள், முழு நாள் வேலைக்கு அரை நாள் கணக்கு.

பதினொரு வருடமாக என்னை நானே சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 'இன்னும் வேகமா ஓடுடி' என்று இவளையும் திட்டினேன்.

சங்குக்கும் சங்குக்கும் நடுவில் இருந்தது ஐம்பத்தொரு நிமிடம்தான். ஒன்பது நிமிடம் குறைவு. பன்னிரண்டு மணிப் பக்கம் எவ்வளவு, ஒரு மணிப் பக்கம் எவ்வளவு பெக்டரிக்காரர்கள் தின்றார்களோ தெரியாது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபத்துக்கு நடுவிலும் அப்படி ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது.

சிவசக்தி முதலாளியிடம் பேனா வாங்கினாள். கண்ணாடி மேல் படிவத்தை விரித்து, கட்டத்தில் ஐம்பத்தொன்று என்று எழுதினாள். போன வருடம் முதலாவதாக வந்தவளுக்கு ஐம்பத்து மூன்று. அது எங்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடம்.

"இப்ப எதத்தான் எடுக்கப்போறீங்க?" என்று முதலாளி கேட்டார்.

மூன்று கிழமையாக வேகம், வேகம் என்று உயிரை எடுத்த சிவசக்தி, இப்போது ஒவ்வொரு வாட்ச்சையும் காதில் வைத்துப் பார்த்தாள். மணிக்கு மணி சத்தம் போடுவது எது என்று கேட்டாள். முதலாளி மூன்றையும் ஒவ்வொன்றாக அடிக்கவைத்துக் காட்டினார். மூன்றிலும் பாரமான, பார்க்கவே சகிக்காத இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். அதற்குத்தான் சத்தம் பெரிது. கடைக்கு வெளியே போன ஆள்கூடத் திரும்பிப் பார்த்தான்.

ரேடியோவுக்குச் சரியாக நேரத்தை வைத்து, என் கையில் கட்டிவிட்டாள்.

"எனக்கு இனிச் சங்கு வேணாம்க்கா. விடிய குளிரோட ஓடிக்கிறேன். பகல்ல நீ கட்டிக்க."

நான் பொத்தானைத் தொடவில்லை. இந்த முறை திருத்தவும் மாட்டேன்.

எங்கள் மலையில் முப்பத்திரண்டு பெண்கள். நாளைக்கு ஒரு மணிச் சங்கு ஊதட்டும். என் கையில் சத்தம் கேட்கும்வரை ஒருத்தியும் எழுந்திருக்கமாட்டோம்.