சவ வண்டிக்கு ஊற்றிய தண்ணீர்

துருக்கியின் அவானோஸ் ஊரில், பயணம் போகிறவர் தண்ணீர்போல ஓடித் திரும்பட்டும் என்று வண்டிக்குப் பின்னால் ஒரு சொம்பு ஊற்றுவார்கள். குயவன் யாவுஸின் சவ வண்டி கிளம்பியபோது, மனைவி செவ்கூல் பழக்கத்தில் ஊற்றிவிட்டாள்.

"என்ன அண்ணி இது! திரும்பி வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?" என்றான் கொழுந்தன் காதிர்.

மறுமாதம் அவள் வழிகாட்டி வேலைக்குத் திரும்பினாள். கூம்புப் பாறைகளைக் காட்டியபின், பயணிகளைக் கணவனின் பட்டறைக்குள் அனுப்பினாள். தான் நுழையத் துணிவின்றி வாசலில் நின்றாள். சக்கரம் சுழலும் சத்தமும் கைதட்டலும் கேட்டன. அண்ணன் இடத்தில் உட்கார்ந்து காதிர் பரவாயில்லாமல் வனைகிறான் என்று நினைத்தாள்.

காதிர் தேநீர்த் தட்டோடு தெருவிலிருந்து ஓடிவந்தான். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. இதோ, இப்பவே சக்கரத்துல உக்கார்றேன்."

செவ்கூல் ஒரு தம்ளரை எடுத்து, யாவுஸுக்குப் பிடித்தபடி சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் கலக்கியபடியே உள்ளே போனாள்.