நெஞ்சுக்குள் கரைவலை

“மருந்து குடுத்தாச்சு, இனி உடம்புதான் சண்ட போடணும்” என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும் செல்சியா கணவன் லூர்தையாவின் மார்பில் காதை வைத்தாள். சளி கட்டிய நெஞ்சுக்குள் பலர் ஏலேலோ பாடி வலை இழுக்கும் சத்தம் கேட்டது. “உள்ள வல இழுக்காவ” என்றாள். “எனக்கும் ஒரு பங்கு வைக்கச் சொல்லுளா” என்று மூச்சிரைக்கச் சிரித்தான். உடம்பு கொதித்தது. பாவம், வலை இழுக்கிறவர்கள் வெயிலில் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மாலைக்குள் குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவனும் பேச்சை விட்டிருந்தான். வலை கனத்தால் கரையில் போகிறவர்களும் கயிற்றைப் பிடிப்பதுதான் அவர்கள் ஊர் வழக்கம். செல்சியா மார்பில் வாயை வைத்து “ஏலேலோ” என்றாள். “கூறுகெட்டவளே, புருசன் சாகக் கிடக்கான், பாட்டா படிக்கே?” என்றாள் அவனுடைய அக்கா. “நீங்களும் ஒரு கை பிடிங்க மைனி.” அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தாள். இருவரும் பாடப் பாட, லூர்தையா திடுமென எழுந்து உட்கார்ந்து இருமினான். பழுப்பாய்க் கோழை வந்து விழுந்தது. மூச்சு முன்னைவிடச் சற்று ஆழமாக இறங்கியது. செல்சியா மறுபடியும் காதை வைத்தாள். வெகுதொலைவில், ஈர மணலில், பலர் கயிற்றைப் பிடிக்க ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.