எதிர்மலைப் பயணி

“போயும் போயும் ஒரு பெல்மோராக்காரியையா வீட்டுக்குள்ள விடப்போற, ஜெல்த்ரூதே?”

போன வாரம் கறிக்கடை வரிசையில், எல்லார் முன்னாலும் பக்கத்து வீட்டுக்காரி கேட்ட கேள்வி அது. ஜெல்த்ரூதேயின் ஊரான ரோக்காவெர்னாவும் பெல்மோராவும் எதிரெதிர் மலையில் இருக்கிற ஊர்கள். இங்கே துணி காயப்போட்டால் அங்கே தெரியும். ஆனால் ஒருத்தருக்கொருத்தர் ஆகாது. எந்த ஊர் கோபுர மணியை எந்த ஊர் திருடியது என்ற சண்டை எழுநூறு வருஷமாக ஓயவில்லை.

மகன் கொர்ராதோ, அந்த பெல்மோராப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று ஒரே பிடியாக நின்றான்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள சரின்னு சொல்லும்மா. இல்லேன்னா நாங்க ரெண்டு பேரும் மிலானுக்குப் போயி அங்கேயே இருந்துடுவோம்.”

செல்போனில் பெண்ணின் படத்தை நீட்டினான். ஜெல்த்ரூதே பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் ஒரே பிள்ளை. அவன் போய்விட்டால் அந்த வீட்டில் புருஷனுக்கு மட்டும் எத்தனை நாள் சமைப்பது?

அதனால்தான் இன்றைக்கு இந்த வேஷம். கறுப்புக் கண்ணாடி, அகலத் தொப்பி, கழுத்தில் கேமரா. பெல்மோராவின் கோட்டை வாசலில் சிவப்புக் குடையோடு நிற்கிற வழிகாட்டிதான் அந்தப் பெண் லுதோவிக்கா என்று மகன் எப்போதோ சொல்லியிருந்தான்.

சிவப்புக் குடை இருந்தது. அதன் கீழே சுருட்டை முடிக்காரி ஒருத்தி ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கம்மா! எந்த ஊரு?”

“டு... டுரின்.”

“அவ்ளோ தூரத்துலேருந்து தனியாவா? இன்னிக்கு வேற யாரும் வரல. நீங்கதான் மகாராணி. வாங்க.”

வாய் நீளம்தான் என்று ஜெல்த்ரூதே மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

கோட்டைக் கோபுரத்தடியில் பெண் குடையை உயர்த்திக் காட்டினாள். “மேல இருக்கு பாருங்க, எங்க மணி. எதிர்மலைக்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க ஆளுங்க விடுவாங்களா? மீட்டுக் கொண்டாந்துட்டாங்க.”

“மீட்டாங்களா, திருடினாங்களா?”

“என்னம்மா இப்படிக் கேக்குறீங்க?”

“இல்ல... டுரின்ல அப்படித்தான் சொல்லிக்கிறாங்க.”

“டுரின்ல எங்க மணியைப் பத்திப் பேசுறாங்களா!” பெண் பூரித்துப்போனாள். “ஒண்ணு சொல்றேன், எதிர்மலைக்குப் போனா அங்க மட்டும் சாப்பிட்டுடாதீங்க. பாஸ்தா மாவுல முட்டையே போட மாட்டாங்க. கஞ்சப் பசங்க.”

ஜெல்த்ரூதேயின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன.

“முட்டை போட்டா அதுக்குப் பேரு பாஸ்தா இல்ல. ஆம்லெட்!”

கோபத்தில் வேகமாகப் படியேறினாள். நாலு படி போவதற்குள் புதுச் செருப்பு குதிகாலைக் கடித்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உக்காருங்க முதல்ல,” என்று பெண் அதட்டினாள். பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்துக்கொண்டு கல்தரையில் மண்டியிட்டாள். காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். “இந்தப் படிக்கு யாராவது இந்தச் செருப்பப் போட்டுட்டு வருவாங்களா? வீட்ல சொல்ல ஆள் இல்லையா? காலை ஆட்டாதீங்க. சின்னப் புள்ளையா நீங்க?”

ஜெல்த்ரூதே காலை ஆட்டாமல் இருந்தாள். புருஷனும் பிள்ளையும் நாளெல்லாம் வெந்ததா, வேகலையா என்று கேட்பார்களே தவிர, அவள் காலைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை.

உச்சிக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள் பெண். எதிரே பள்ளத்தாக்கைத் தாண்டி, வெயிலில் மொத்த ரோக்காவெர்னாவும் தேன் நிறத்தில் நின்றது. ஜெல்த்ரூதே தன் ஊரை இங்கிருந்து பார்த்ததே இல்லை.

“அழகா இருக்குல்ல?” பெண் குரலைத் தாழ்த்தினாள். “எங்க ஊர்லயே நல்ல காட்சி அவங்க ஊருதான். அவங்க கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தலையில ஏறிடும்.”

ஜெல்த்ரூதே வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். தொப்பியையும் எடுத்தாள்.

“பொண்ணே, நான் டுரின் இல்ல. அந்த ஊருதான். கொர்ராதோவோட அம்மா. உன்னைப் பாக்கத்தான் வந்தேன்.” பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வா. கறிக்கடையில யாரு வேணா என்ன வேணா கேட்டுக்கட்டும். நீதான் என் மருமக.”

பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா பயமா என்று தெரியவில்லை.

“ஐயோ, அம்மா! நான் இல்ல. லுதோவிக்கா எங்க அக்கா. இன்னிக்கு ஒரு நாள் அவளுக்குப் பதிலா நான் நிக்கிறேன்.”

“அப்ப அவ எங்க?”

“உங்க ஊர்ல. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு, ஊரு சுத்திப் பாக்க வந்தவ மாதிரி. மாமியார் எப்படின்னு ஒரு கண்ணு பாக்காம வாழ்க்கைப்பட மாட்டேன்னு காலையிலயே பஸ் ஏறிட்டா. இப்பதான் செய்தி அனுப்பினா. உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவராம். உள்ள கூப்பிட்டு ஒவ்வொரு அறையா காட்டினாராம். இப்ப சமையல்கட்டுல இருக்காங்களாம்.”

நேற்று ராத்திரிப் பாத்திரங்களையெல்லாம் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருந்த ஜெல்த்ரூதே, பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கி ஓடினாள்.