ஜோடிப் பொருத்தம்

கண்காட்சிகளில் கோப்பை வாங்கும் நாய்களை வளர்ப்பவர் அவர். அன்று அவருடைய அக்கா தன் பெண் நாயோடு வந்திருந்தாள்.

“உன்னோடதும் சாம்பியன், என்னோடதும் சாம்பியன். சேர்த்து விடுடா தம்பி, குட்டிங்க ஜம்முனு இருக்கும்!”

“முடியாதுக்கா. ரெண்டுக்கும் தாத்தா ஒண்ணுதான். அந்த வம்சத்துல பார்வைக் கோளாறு இருக்கு. சொந்தத்துக்குள்ள சேர்த்தா குட்டிங்களுக்குக் கண்ணு தெரியாமப் போயிடலாம். கோப்பைக்காக அந்தப் பாவத்தைப் பண்ண மாட்டேன்.”

அக்கா பதறிப்போய் நாயை அணைத்துக்கொண்டாள்.

“நல்லவேளை சொன்னே. வாயில்லா ஜீவன், அதுக்கு என்ன தெரியும்? நாமதானே பார்த்துச் செய்யணும்?”

“அதேதான்க்கா. இன்னொரு விஷயமும் உன்கிட்டப் பேசணும்...”

“நானும் அதுக்குத்தான் வந்தேன். என் பையனுக்கு உன் பொண்ணுதான்னு அவ பொறந்தப்பவே பேசி முடிச்சது. அடுத்த மாசம் கல்யாணத்தை வச்சுக்கலாம்.”

கதவோரம் நின்ற மகள் அப்பாவையே பார்த்தாள்.

“அக்கா, சொந்தத்துக்குள்ள...”

“சொந்தம்கிறதாலதானேடா கேக்கிறேன்! அம்மா போனதுக்கப்புறம் உன்னைத் தூக்கி வளர்த்தவ நான். எங்கிட்டயே மாட்டேன்னு சொல்லிடுவியா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.